கழுதை இருமாது, குதிரைதான் இருமும்: நுரையீரல் புழுக் கணக்கெடுப்பு, முதல் முறை செய்பவர்களுக்கு

எத்தியோப்பியாவுக்குக் கால்நடை மருத்துவம் கற்பிக்க வரும் நம்மூர்க்காரர்களுக்கு முதல் வருடத்திலேயே இந்த வேலை வந்து சேரும். இறுதியாண்டு மாணவர் ஒருவர் கையில் ஒரு தாளோடு வருவார். "இந்த வட்டாரத்துக் கழுதை, கோவேறு கழுதை, குதிரைகளில் நுரையீரல் புழுவின் பாதிப்பு விகிதம்" என்று தலைப்பைச் சொல்லிவிட்டு, நீங்கள்தான் வழிகாட்டி என்பார். நாமோ சென்னையிலோ நாமக்கல்லிலோ மாடு, ஆடு, கோழி, நாய் என்று படித்துவிட்டு வந்திருப்போம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் மொத்த இந்தியாவிலும் இருந்த கழுதைகளே சுமார் 1.2 லட்சம்தான், 2012-இல் இருந்ததைவிட 61 சதவீதம் குறைவு, அப்புறம் நாம் எங்கே கழுதையின் வாலைத் தூக்கிப் பார்த்திருக்கப் போகிறோம்? இங்கே கதை வேறு. உலகிலேயே அதிகக் கழுதைகள் உள்ள நாடுகளில் முன்வரிசையில் நிற்பது எத்தியோப்பியா. தண்ணீர், விறகு, தானிய மூட்டை எல்லாம் அதன் முதுகில்தான் போகும்.

எனக்கு இந்த வேலையை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை, தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் புழு யார் என்று பாருங்கள்

பெயர் டிக்டியோகாலஸ் ஆர்ன்ஃபீல்டி. வெள்ளை நூல் மாதிரி இருக்கும், பெண் புழு 6 செ.மீ. வரை வளரும், நுரையீரலின் சுவாசக் கிளைக்குழாய்களில் குடியிருக்கும். அது இடும் முட்டைக்குள்ளேயே லார்வா, அதாவது புழுவின் குஞ்சு, தயாராகச் சுருண்டு கிடக்கும். முட்டை சளியோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, லத்தியோடு வெளியே வந்து, கொஞ்ச நேரத்திலேயே பொரிந்துவிடும். ஈரமும் மிதமான சூடும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் தொற்றக்கூடிய மூன்றாம் நிலை லார்வா ஆகிவிடும். புல்லோடு சேர்த்து அதை மேய்கிற மிருகத்தின் குடல் சுவரைத் துளைத்து, நிணநீர் வழியாக மறுபடி நுரையீரலுக்குப் போய்ச் சேரும். உள்ளே போனதிலிருந்து முட்டை வெளியே வர 2 முதல் 4 மாதம் ஆகும்.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் கிடைக்கும். நீங்கள் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டியது அடுத்து வருவது. இந்தப் புழுவுக்குக் கழுதைதான் சொந்த வீடு. கழுதைக்குள் அது நன்றாக வளர்ந்து, முட்டையிட்டு, வருடக்கணக்கில் இருக்கும், கழுதையோ பெரும்பாலும் இருமக்கூடச் செய்யாது. குதிரைக்குள் போனால் தலைகீழ். வளர்ந்த குதிரையின் நுரையீரலில் புழு பெரும்பாலும் முதிர்ச்சி அடையாமல் நின்றுவிடும், முட்டை வராது, ஆனால் குதிரை வாரக்கணக்கில் இருமித் தள்ளும். ஆக, நோய் தெரிகிற மிருகத்தின் லத்தியில் லார்வா கிடைக்காது, லார்வா கிடைக்கிற மிருகத்துக்கு நோயே தெரியாது. குட்டிக் குதிரைகள் கொஞ்சம் விதிவிலக்கு, அவற்றில் புழு முதிர்ந்து முட்டையிடுவது உண்டு.

கோவேறு கழுதை இரண்டுக்கும் நடுவில். அப்பா கழுதை, அம்மா குதிரை. இங்கே அம்ஹாரிக் மொழியில் ஒரு பழமொழி இருக்கிறது: கோவேறு கழுதையிடம் "உன் அப்பா யார்?" என்று கேட்டால், "குதிரை எனக்குத் தாய்மாமன்" என்று சொல்லுமாம். புழு விஷயத்தில் அது அப்பாவை மறைக்க முடியாது, லத்தியில் தெரிந்துவிடும்.

எத்தனை மிருகம்?

நீங்கள் எந்த ஆய்வறிக்கையைப் புரட்டினாலும் 384 என்ற எண் கண்ணில் படும். அது எங்கிருந்து வருகிறது என்று மாணவரிடம் கேளுங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். 1.96-இன் (95 சதவீத நம்பகத்துக்கான எண்) வர்க்கம், பெருக்கல் எதிர்பார்க்கும் விகிதம், பெருக்கல் ஒன்றிலிருந்து அந்த விகிதத்தைக் கழித்தது, வகுத்தல் ஏற்கத்தக்க பிழையின் வர்க்கம். விகிதம் தெரியாதபோது 50 சதவீதம் என்று வைத்து, பிழை 5 சதவீதம் என்று வைத்தால் 384 வரும். அவ்வளவுதான், அதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தச் சூத்திரம் ஒன்றை நம்பி நிற்கிறது: ஒவ்வொரு மிருகமும் தனித்தனியாகக் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டது என்று. நிஜத்தில் நாம் ஒரு கிராமத்துக்குப் போய் ஒரே மேய்ச்சல் நிலத்தில் மேயும் 30 கழுதைகளைப் பிடித்து 30 என்று எழுதிக்கொள்வோம். அவை எல்லாம் ஒரே புல்லைத் தின்றவை, ஒன்றுக்கு இருந்தால் பக்கத்தில் இருப்பதற்கும் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் ஒரு கிராமத்தில் அள்ளிக்கொண்டு வராமல் நிறையக் கிராமங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், மொத்த எண்ணிக்கையையும் 384-க்கு மேலே கூட்டிக்கொள்ளுங்கள். முக்கியமாக, மூன்று இனத்துக்கும் தனித்தனியாக எண்ணிக்கை முடிவுசெய்யுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மருத்துவ முகாமுக்கு வரும் மிருகங்களை மட்டும் எடுப்பதும் ஒரு வசதியான தப்பு. முகாமுக்கு வருவது நோயுள்ளது அல்லது அக்கறையுள்ள சொந்தக்காரருடையது. சந்தைக்கு வருவது நடக்க முடிந்தது. எங்கே எடுத்தீர்கள் என்பதை அறிக்கையில் நேராக எழுதிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எப்போது, எங்கே

பெரிய மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை, இங்கே அதைக் கிரெம்த் என்பார்கள். லார்வாவுக்கு வேண்டியது ஈரமும் சுட்டெரிக்காத மிதமான சூடும், மழைக்கால மேட்டுநிலப் புல்வெளிகளில் இரண்டும் தாராளம். உள்ளே போன லார்வா முட்டையாக வெளியே வர மாதங்கள் ஆகும் என்பதால், மழை முடிந்து வரும் மாதங்களில் எடுக்கும் மாதிரியும் வறண்ட காலத்துக் கடைசியில் எடுக்கும் மாதிரியும் ஒன்றாக இருக்காது. மாதத்தைக் குறிக்காத அறிக்கையை வேறு எதனோடும் ஒப்பிட முடியாது.

நேரம் பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கே கடிகாரம் விடியலிலிருந்து ஓடுகிறது. "இரண்டு மணிக்கு வாருங்கள்" என்றால் நம் காலை 8 மணி. இது தெரியாமல் முதல் சந்தைக்கு நான் மதியம் 2 மணிக்குப் போய் நின்றேன், மூட்டைகளை இறக்கிவிட்டுக் கழுதைகள் எல்லாம் ஊர் திரும்பியிருந்தன.

சொந்தக்காரரிடம் பேசுவது

கழுதையை அம்ஹாரிக்கில் அஹியா என்பார்கள், குதிரை ஃபெரெஸ், கோவேறு கழுதை பெக்லோ. ஒரோமோ மொழி பேசும் பகுதிகளில் கழுதை ஹர்ரே, குதிரை ஃபர்தா. இருமலுக்கு அம்ஹாரிக்கில் சால். இந்த ஐந்தாறு சொற்களோடு ஒரு சிரிப்பும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

வெளியூர்க்காரர் வந்து கழுதையைப் பற்றி விசாரித்தால் சிலர் முகம் மாறும், தப்பாக நினைக்காதீர்கள். தோலுக்காகக் கழுதை வாங்கும் வியாபாரம் ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியபோது, 2017-இல் இங்கே பிஷோஃப்டு என்ற ஊரில் ஒரு கழுதை அறுப்புக்கூடம் திறக்கப்பட்டு, மக்கள் எதிர்ப்பில் சீக்கிரமே மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில்தான் ஆப்பிரிக்க ஒன்றியம் தோலுக்காகக் கழுதை அறுப்பதைக் கண்டம் முழுக்கத் தடை செய்ய முடிவெடுத்தது. அதனால் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, சம்மதம் வாங்கிவிட்டு, அப்புறம் கையுறையை எடுங்கள்.

கேட்க வேண்டியவை: வயது (அவர் சொல்வதையும் எழுதுங்கள், பல்லையும் பாருங்கள், நிரந்தர முன்பற்கள் முழுதாக வந்திருந்தால் சுமார் 5 வயதுக்கு மேல்), இருமல் உண்டா, எதனோடு சேர்ந்து மேய்கிறது, கடைசியாக எப்போது பூச்சி மருந்து கொடுத்தார்கள். குதிரைக்காரரிடம் "உங்கள் குதிரை கழுதையோடு மேய்கிறதா?" என்ற ஒரு கேள்வியை விடவே விடாதீர்கள். மற்ற கேள்விகள் எல்லாவற்றையும்விட அதுதான் உதவும்.

மாதிரி எடுப்பது

தரையில் கிடப்பதை அள்ளாதீர்கள். மண்ணில் தானாக வாழும் புழுக்கள் சில நிமிடங்களிலேயே அதில் ஏறிவிடும், அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் எது எது என்று நீங்கள் தவிக்க வேண்டும். ஆசனவாயிலிருந்து நேராக எடுங்கள். பின்னால் நிற்காமல் தொடைப்பக்கமாக ஒட்டி நில்லுங்கள். விலகி நின்றால் உதையின் முழு வேகமும் கிடைக்கும், ஒட்டி நின்றால் தள்ளுதான். கழுதை சாது என்று எல்லோரும் சொல்வார்கள், அது உதைக்கும் முன் காதை மடக்கிக் காட்டும் என்றுகூடச் சொல்வார்கள், என் முழங்கால் வேறு மாதிரி சொல்லும். கையுறைக்கு வழவழப்புக்கு எண்ணெய் தடவுங்கள், குட்டிகளுக்கு ஒரு விரல் போதும்.

25 முதல் 30 கிராம் வேண்டும். கழுதை விட்டை கை நிறைய என்று நம்மூரில் கேலியாகச் சொல்வோமே, இந்த ஒரு வேலைக்கு அது சரியான அளவு. கையுறையை அப்படியே உள்புறம் வெளியே வருமாறு திருப்பி முடிச்சுப் போட்டால் அதுவே பை. மார்க்கரால் எண், இனம், தேதி எழுதி, ஐஸ் பாக்கெட்டோடு பெட்டிக்குள் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, லார்வா செத்துவிடும், செத்த லார்வா நீந்தி வராது. அன்றைக்கே சோதனையைத் தொடங்கிவிடுவதுதான் நல்லது.

பேர்மன் முறை

முட்டை எண்ணும் மிதவை முறை இதற்குச் சரிவராது, முட்டை சீக்கிரம் பொரிந்துவிடுவதால் லார்வாவைத்தான் தேட வேண்டும். அதற்கு 1917-இல் பேர்மன் என்ற மருத்துவர் டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகளில், மண்ணிலிருந்து கொக்கிப்புழு லார்வாவைப் பிரிக்க வகுத்த முறைதான் இன்றைக்கும். மின்சாரமே இல்லாமல் செய்யலாம் என்பது எங்களைப் போன்ற ஊர்களில் பெரிய வசதி.

ஒரு புனல், அதன் வாலில் ஒரு சாண் ரப்பர் குழாய், குழாயை அடைக்க ஒரு கிளிப், புனல் நிற்க ஸ்டாண்ட். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுச் சொருகுங்கள், நான் இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். முதலில் கிளிப்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, குழாயை விரலால் நசுக்கி நசுக்கிக் காற்றுக்குமிழியை வெளியேற்றுங்கள். குமிழி ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டால் லார்வா அதற்கு மேலேயே நின்றுவிடும், கீழே நீங்கள் எடுக்கும் தண்ணீரில் ஒன்றும் இருக்காது, நீங்கள் "இல்லை" என்று எழுதிவிடுவீர்கள். அப்புறம் லத்தியை உதிர்த்து, இரண்டு மடிப்பு காஸ் துணியில் வைத்து, தளர்வாகக் கட்டி (இறுக்கிக் கட்டினால் நடுவில் இருப்பது வெளியே வராது), டீ வடிகட்டி மேல் வைத்துப் புனலுக்குள் இறக்குங்கள். மூட்டை நனைகிற அளவுக்குத் தண்ணீர். கைக்கு இதமான சூடு போதும், கொதிக்க வைத்து ஊற்றிய ஆளையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு இரவு முழுக்க விடுங்கள். டெப்ரே பிர்ஹான் போன்ற 2,800 மீட்டர் உயரத்து ஊர்களில் வறண்ட காலத்து இரவு எலும்பைக் குத்தும், ஜன்னலோரம் வைத்த புனலில் லார்வா விறைத்துப்போய்த் துணிக்குள்ளேயே கிடக்கும். அறையின் உள்பக்கம், சமையலறைச் சுவர் ஓரமாக வையுங்கள். சமையலறைக்குச் சொந்தக்காரர் என்ன சொல்வார் என்பது உங்கள் பாடு.

காலையில் கிளிப்பைத் திறந்து முதலில் வரும் 10 மி.லி. மட்டும் பிடியுங்கள். சென்ட்ரிஃப்யூஜ் இருந்தால் மெதுவாக 2 நிமிடம், இல்லையென்றால் சோதனைக்குழாயை அரை மணி நேரம் நிறுத்திவைத்து அடியில் தங்கியதை ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் வையுங்கள். 4 மடங்கு லென்ஸில் தேடுங்கள், நெளிவது தெரிந்தால் 10-க்கு மாறுங்கள். ஒரு துளி அயோடின் விட்டால் அசைவு நின்று, பழுப்பு நிறமேறி, வால் தெளிவாகும்.

வாலைப் பாருங்கள், வாலைப் பாருங்கள்

எங்கள் முதல் தொகுதி 22 மாதிரி. இரண்டு நாள் மின்சாரம் இல்லை, குளிர்பதனப் பெட்டி வெறும் அலமாரியாகிவிட்டது, சரி பரவாயில்லை என்று மூன்றாம் நாள் சோதித்தோம். 22-இலும் லார்வா! நூற்றுக்கு நூறு. மாணவர் கைகுலுக்கவே வந்துவிட்டார். அன்றைக்கு ஆய்வகத்தில் இருந்த வயதான தொழில்நுட்ப உதவியாளர், அதிகம் பேசாதவர், குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு விரலை நீட்டி நுனியில் ஆட்டிக் காட்டினார். சாட்டை வால். அத்தனையும் ஸ்ட்ராங்கைல்.

ஸ்ட்ராங்கைல் என்பவை குடலில் இருக்கும் வட்டப்புழுக்கள், இங்கே அவை இல்லாத கழுதையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவற்றின் முட்டை புதிய லத்தியில் முட்டையாகவே இருக்கும், ஒரு நாள் இரண்டு நாள் சூட்டில் கிடந்தால் பொரிந்து லார்வாவாகி நீந்தும். வித்தியாசம் இதுதான்: ஸ்ட்ராங்கைல் முதல்நிலை லார்வாவின் வால் சாட்டை போல நீண்டு மெலிந்து முடியும், நுரையீரல் புழு லார்வாவின் வால் குட்டையாக முடிந்து நுனியில் சின்ன முள் மாதிரி ஒன்று இருக்கும். நீளத்தை நம்பாதீர்கள், இரண்டும் அரை மில்லிமீட்டருக்குள்தான். பால்குடிக்கும் குட்டிகளில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற இன்னொரு குடல் புழுவின் முட்டையும் சீக்கிரம் பொரியும், அதையும் மனதில் வையுங்கள். 22 மாதிரியையும் குப்பையில் கொட்டினோம். கைகுலுக்கல் அதோடு போயிற்று.

கணக்கு, இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்

பாதிப்பு விகிதம் என்பது லார்வா கண்டவை வகுத்தல் சோதித்தவை, பெருக்கல் 100. சின்னப் பையன்கூடப் போடுவான். ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். 240 கழுதையில் 72, அதாவது 30 சதவீதம். 44 கோவேறு கழுதையில் 8, சுமார் 18. 100 குதிரையில் 8, அதாவது 8. மொத்தம் 384-இல் 88, 22.9 சதவீதம். இப்போது அதே ஊரில், அதே புழு, அதே விகிதங்கள், ஆனால் நீங்கள் பிடித்தது 240 குதிரை, 100 கழுதை, 44 கோவேறு கழுதை என்று வையுங்கள். மொத்தம் 57 வரும், 14.8 சதவீதம். ஊரில் ஒன்றும் மாறவில்லை, நீங்கள் யாரைப் பிடித்தீர்கள் என்பதுதான் மாறியது. அந்த மொத்த எண்ணைத் தூக்கிச் சுருக்கத்தின் முதல் வரியில் போட்டு, "வேறு ஊரில் இதைவிட அதிகம், காரணம் தட்பவெப்பமாக இருக்கலாம்" என்று விவாதம் எழுதுவார்கள் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூன்று இனத்துக்கும் மூன்று எண், ஒவ்வொன்றுக்கும் நம்பக எல்லை, அதாவது உண்மையான விகிதம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற வரம்பு. அவ்வளவு செய்தால் போதும்.

அடுத்தது, குதிரைக்கு வந்த 8 என்ற எண். இது 8 சதவீதக் குதிரைகளுக்குத்தான் தொற்று என்று சொல்லவில்லை. முட்டையிடும் அளவுக்குப் புழு முதிர்ந்த குதிரைகள் அவ்வளவு என்று மட்டும் சொல்கிறது. இருமிக்கொண்டிருக்கும் மீதிக் குதிரைகளில் எத்தனை இந்தப் புழுவால் இருமுகின்றன என்பதைப் பேர்மன் சொல்லாது. மூச்சுக்குழாயைக் கழுவி எடுத்த திரவத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் குவிந்திருக்கின்றனவா என்று பார்க்கலாம், அதற்கு வசதி வேண்டும். இல்லாத இடத்தில் மூன்றை வைத்து யூகிக்கிறோம்: கழுதையோடு மேய்ந்ததா, இருமல் வாரக்கணக்கில் நீடிக்கிறதா, மருந்து கொடுத்ததும் அடங்கியதா. தூசி படிந்த வைக்கோலாலும் குதிரை இருமும். காய்ச்சலோடு கண்குழி மேல் வீக்கமும் இருந்தால் அது வேறு கதை, ஆப்பிரிக்கக் குதிரை நோயாக இருக்கலாம், புழுவைத் தேடி நேரம் கடத்தாமல் உடனே தகவல் சொல்லுங்கள்.

மருந்து

லார்வா கண்ட மிருகத்தின் சொந்தக்காரரிடம் திரும்பிப் போய்ச் சொல்லாமல் ஆய்வை முடிக்காதீர்கள். ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், வாய் வழியாக. கழுதைக்கும் அதே அளவு. மாட்டுக்கான ஊசி மருந்துதான் கடையில் எளிதாகக் கிடைக்கும், ஆனால் குதிரை இனத்துக்கு ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ்ப்பிடித்த கதைகள் உண்டு, வாயில் கொடுக்கும் பசை மருந்து கிடைக்கும்வரை தேடுங்கள்.

எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். குதிரைக்கு மார்புச் சுற்றளவைச் செ.மீ.-இல் அளந்து அதன் வர்க்கத்தை உடல் நீளத்தால் பெருக்கி 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 140, நீளம் 135 என்றால் சுமார் 223 கிலோ, மருந்து சுமார் 45 மில்லிகிராம். கழுதைக்கு இந்த எண் பொருந்தாது, அதற்கென்று உள்ள அட்டவணையைப் பாருங்கள்.

குதிரைக்கு மட்டும் கொடுத்துவிட்டு அதோடு மேயும் கழுதையை விட்டுவிட்டால் அடுத்த மழைக்குப் பின் அதே குதிரை அதே இருமலோடு வந்து நிற்கும். "என் கழுதைக்கு ஒன்றுமில்லையே, அதற்கு எதற்கு மருந்து?" என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். நான் அவர்களை மைக்ரோஸ்கோப் பக்கம் அழைத்து, அவர்கள் கழுதையின் லத்தியில் வந்ததையே காட்டிவிடுவேன். ஒரு பெரியவர் வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற மகனைக் கூப்பிட்டுக் காட்டினார், அவன் வெளியே போய் இன்னும் நான்கு பேரைக் கூட்டிவந்தான்.

இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பேர்மன். லார்வா இன்னும் வந்தால், மருந்து கேட்கவில்லை என்று எழுதுவதற்கு முன் எடையை மறுபடி அளந்து பாருங்கள், பசையில் பாதியைக் கழுதை துப்பிவிட்டதா என்றும் கேளுங்கள்.